எனிக்மாவை உடைத்த ஆலன் டூரிங்: அவர் வாழ்க்கைக்கும் உங்க வீட்டு கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டு லேப்டாப்புக்கு என்ன பாஸ்வேர்டு வச்சிருக்கீங்க? பிள்ளையோட பெயர், பக்கத்துல பிறந்த வருஷம், கடைசியில 123? கள்ளக்குறிச்சி டவுனா இருந்தாலும் சரி, கல்வராயன் மலையில் வெள்ளிமலையா இருந்தாலும் சரி, லண்டனா இருந்தாலும் சரி, பாஸ்வேர்டு வைக்கிற விஷயத்தில் மனுஷங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ரகசியச் செய்திகள் வெளியே போனதற்கும் இதே பழக்கம் ஒரு முக்கியக் காரணம். அந்தச் செய்திகளைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் ஆலன் டூரிங்.

அவர் இறந்து 70 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் காலத்தில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனாலும் வைரஸ் எப்படி வருது, ஆன்டிவைரஸை ஏன் முழுசா நம்பக்கூடாது, அப்டேட் ஏன் போடணும், பேக்கப் ஏன் எடுக்கணும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அவருடைய வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. அவருக்குத் தமிழ்நாட்டோடு ஒரு குடும்பத் தொடர்பும் உண்டு.

போத்தனூரில் பிறந்த அம்மா

டூரிங்கின் அம்மா எத்தெல் சாரா ஸ்டோனி. 1881-ல் கோயம்புத்தூரை ஒட்டியிருக்கும் போத்தனூரில் பிறந்தவர். அவருடைய அப்பா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். குன்னூரில் அந்தக் குடும்பத்துக்கு வீடு இருந்தது. டூரிங்கின் அண்ணன் ஜான் 1908-ல் பிறந்தது அந்தக் குன்னூரில்தான்.

அப்பா ஜூலியஸ் டூரிங் ஐ.சி.எஸ். அதிகாரி. மெட்ராஸ் மாகாணத்தில் பெல்லாரி, கர்னூல், விசாகப்பட்டினம், சத்ரபூர் என்று பல ஊர்களில் வேலை பார்த்தார். இன்றைக்குத் தனி மாவட்டமாக இருக்கும் கள்ளக்குறிச்சியும் அப்போது அதே மாகாணத்தில், தென்னாற்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகாதான்.

ஆலன் டூரிங் பிறந்தது 1912 ஜூன் 23, லண்டனில். குழந்தையை இந்தியாவுக்குக் கூட்டி வர வேண்டாம் என்று பெற்றோர் முடிவு செய்தனர். இங்கிலாந்தின் கடலோர ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி குடும்பத்திடம் அண்ணன் தம்பி இருவரையும் விட்டுவிட்டு மெட்ராஸ் மாகாணத்துக்குத் திரும்பினர். அப்பா வேலையை விட்டது 1926-ல். அதுவரைக்கும் டூரிங்கின் சின்ன வயசு பெரும்பாலும் அடுத்தவர் வீட்டில்தான் கழிந்தது.

13 வயதில் சைக்கிளில் 100 கிலோமீட்டர்

1926 மே மாதம். ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நேரத்தில் பிரிட்டன் முழுக்க வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. 14 வயது நிரம்பாத டூரிங், சவுத்தாம்ப்டனிலிருந்து சைக்கிளை மிதித்தே கிளம்பிவிட்டார். சுமார் 100 கிலோமீட்டர் தூரம். நடுவில் ஒரு ராத்திரி விடுதியில் தங்கி, மறுநாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பள்ளியில் பழைய இலக்கியப் படிப்புக்குத்தான் மதிப்பு. கணக்கும் அறிவியலும் மட்டும் பிடித்த பையனை ஆசிரியர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவரைப் புரிந்துகொண்ட ஒரே நண்பன் கிறிஸ்டோபர் மார்காம், 1930 பிப்ரவரியில் காசநோயால் இறந்துபோனான். மனுஷனின் மூளை எப்படி வேலை செய்கிறது, அதை ஒரு இயந்திரத்தால் செய்ய முடியுமா என்ற யோசனைகள் டூரிங்கை வாழ்நாள் முழுக்க விடவில்லை. அதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1931-ல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 22 வயதில் அங்கேயே ஆய்வாளர் பதவியும் கிடைத்தது.

1936: எல்லா கம்ப்யூட்டருக்கும் அடிப்படை

1936-ல் டூரிங் ஒரு கணிதக் கட்டுரை எழுதினார். அதில் அவர் கற்பனை செய்த இயந்திரம் ரொம்ப எளிமையானது. நீளமான ஒரு டேப், அதைக் கட்டம் கட்டமாகப் படித்து எழுதும் ஒரு கருவி, அவ்வளவுதான். முக்கியமான விஷயம் அடுத்ததுதான். கூட்டலுக்கு ஒரு இயந்திரம், பெருக்கலுக்கு ஒரு இயந்திரம் என்று தனித்தனியாகச் செய்யத் தேவையில்லை. செய்ய வேண்டிய வேலையையும் அதே டேப்பில் எழுதிக் கொடுத்தால், ஒரே இயந்திரம் எல்லா வேலையையும் செய்யும்.

உங்க வீட்டு லேப்டாப் அதைத்தான் செய்கிறது. ஒரே பெட்டியில் படம் பார்க்கிறோம், பட்டா எடுக்கிறோம், பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். புதுசா ஒரு வேலை வேணும்னா புது மெஷின் வாங்குவதில்லை, புது புரோகிராம் போடுகிறோம்.

வைரஸ் உள்ளே வருவதும் இதே வழியில்தான். டேப்பில் இருக்கும் கட்டளை நல்லவர் எழுதியதா, திருடன் எழுதியதா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எழுதியிருந்தால் செய்யும். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல், ஜெராக்ஸ் கடையில் போட்டு எடுத்த பென் டிரைவ், இலவசமாகக் கிடைக்குதேன்னு இறக்கின திருட்டு சாஃப்ட்வேர், எல்லாமே அந்த டேப்பில் வேறு யாரோ எழுதக் கொடுத்த இடம்தான்.

ஆன்டிவைரஸ் இருந்தா போதாதா?

போதாது. இதற்கான அடிப்படையும் அதே கட்டுரையில் இருக்கிறது. எந்த இயந்திரத்தாலும் தீர்க்கவே முடியாத கணக்குகள் உண்டு என்பதை டூரிங் அதில் நிரூபித்தார். ஒரு புரோகிராமைக் கொடுத்து, அது கடைசியில் என்ன செய்யும் என்று கேட்டால், எல்லா புரோகிராமுக்கும் தவறில்லாமல் பதில் சொல்லும் பொதுவான வழி ஒன்று கிடையாது.

1980-களில் அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரெட் கோஹன் இதே வகை வாதத்தை வைரஸுக்குப் பொருத்திக் காட்டினார். எல்லா வைரஸையும் தப்பில்லாமல் பிடிக்கும் ஆன்டிவைரஸை யாராலும் எழுத முடியாது என்பது அவர் முடிவு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதில் மாற்றமில்லை.

அதனால ஆன்டிவைரஸே வேண்டாம் என்று அர்த்தமில்லை. விண்டோஸில் கூடவே வரும் டிஃபென்டர், சாதாரண வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது. அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதுக்கு மேல இன்னும் இரண்டு மூன்றைப் போட்டால் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கம்ப்யூட்டர்தான் மெதுவாகும். வாசலில் வாட்ச்மேன் இருக்கலாம். அதுக்காக யாரும் கதவைத் திறந்து வச்சிட்டுத் தூங்குவதில்லை.

எனிக்மா: பூட்டு நல்ல பூட்டு, சாவி வச்ச இடம்தான் தப்பு

1939 செப்டம்பர் 3-ல் ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்தது. மறுநாளே டூரிங், பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் இருந்த ரகசிய மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஜெர்மனி பயன்படுத்திய எனிக்மா, பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். ஒரு எழுத்தைத் தட்டினால் உள்ளே சக்கரங்கள் சுற்றி வேறொரு எழுத்து விளக்கில் எரியும். ராணுவம் பயன்படுத்திய மூன்று சக்கர மெஷினை சுமார் 16 லட்சம் கோடி கோடி விதங்களில் செட் பண்ண முடியும். அந்த செட்டிங்கும் தினமும் மாறும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

இதில் முதல் வெற்றி டூரிங்குக்குச் சொந்தமானது இல்லை. போலந்து கணித மேதை மரியான் ரெயெவ்ஸ்கி 1932-லேயே எனிக்மாவின் உள் அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டார். 1939 ஜூலையில், போருக்குச் சில வாரம் முன்பு, போலந்துக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததை பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் கொடுத்தார்கள். அங்கிருந்துதான் டூரிங் தொடங்கினார்.

டூரிங் பிடித்துக்கொண்டது மனுஷங்களின் பழக்கத்தை. தினமும் ஒரே நேரத்தில் வானிலை அறிக்கை வரும், அதில் ஒரே மாதிரியான வார்த்தைகள் இருக்கும். விசேஷம் எதுவும் இல்லை என்பதைக்கூட ஒரே வாக்கியத்தில்தான் தினமும் அனுப்புவார்கள். இப்படி ஊகிக்க முடிந்த ஒரு துண்டு வார்த்தை கிடைத்தால், எந்த செட்டிங்கில் அது வரும் என்று தேடலாம். எனிக்மாவில் ஒரு எழுத்து ஒருபோதும் அதே எழுத்தாக மாறாது என்ற பலவீனமும் தேடலைச் சுருக்கியது.

இந்தத் தேடலுக்காக அவர் வடிவமைத்த இயந்திரம் பாம்ப். முதல் பாம்ப் 1940 மார்ச்சில் வந்தது. கார்டன் வெல்ச்மேன் என்ற கணித அறிஞர் அதை இன்னும் வேகமாக்கினார். போர் முடிவதற்குள் இப்படிப்பட்ட இயந்திரங்கள் கிட்டத்தட்ட 200 ஓடின.

செய்தி அனுப்பிய ஜெர்மன் ஆபரேட்டர்களும் உதவி செய்தார்கள், தெரியாமலேயே. ஒவ்வொரு செய்திக்கும் மூன்று எழுத்தைத் தன்னிஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோம்பல்பட்டவர்கள் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைத் தட்டினார்கள், சிலர் காதலி பெயரிலிருந்து எடுத்தார்கள். பிளெட்ச்லியில் இருந்தவர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள்.

இன்றைக்கு உங்க பாஸ்வேர்டைத் தேடும் திருடனும் இதையேதான் செய்கிறான். கோடிக்கணக்கான வாய்ப்புகளை வரிசையாகத் தட்டிப் பார்ப்பதில்லை. பெயர், ஊர், பிறந்த தேதி, நடிகர் பெயர், 123456 என்று மனுஷங்க வைக்கிற வழக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறான். வேறொரு வெப்சைட்டிலிருந்து திருடுபோன பாஸ்வேர்டையே உங்க மெயிலிலும் போட்டுப் பார்க்கிறான்.

அதனால ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு ஐந்து வார்த்தைகளைச் சேர்த்து நீளமா வையுங்க. மெயில், பேங்க், லேப்டாப் மூன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. மெயிலுக்கு இரண்டடுக்கு பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தாலும், உங்க போனில் நீங்க ஓகே சொல்லாமல் உள்ளே வர முடியாது. எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியலையா? நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். எங்கேயோ இருக்கும் ஆன்லைன் திருடன் உங்க வீட்டு பீரோவைத் திறக்க முடியாது. ஸ்கிரீனில் ஒட்டி மட்டும் வைக்காதீங்க.

நாலாவது சக்கரம்: அப்டேட் போட்டும் பாதியில விட்ட கதை

ஜெர்மன் கடற்படையின் எனிக்மா, ராணுவத்துடையதைவிடக் கடினம். அதை எடுத்துக்கொள்ள மற்றவர்கள் தயங்கியபோது டூரிங் எடுத்துக்கொண்டார். ஹட் 8 என்ற மரக் கொட்டகையில் அவர் தலைமையில் குழு வேலை செய்தது. 1941 மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றிலிருந்து ரகசியப் புத்தகங்கள் கைக்கு வந்ததும் அட்லாண்டிக் கடல் செய்திகள் படிக்கப்பட்டன. பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுவந்த கப்பல்கள் நீர்மூழ்கிகளிடமிருந்து விலகிப் போக முடிந்தது.

1942 பிப்ரவரி 1. நீர்மூழ்கிகளின் எனிக்மாவில் நாலாவது சக்கரம் சேர்ந்தது. இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு செக்யூரிட்டி அப்டேட். ஒரே நாளில் பிளெட்ச்லிக்குக் கண் தெரியாமல் போனது. சுமார் பத்து மாதம் ஒன்றும் படிக்க முடியவில்லை. கப்பல்கள் மூழ்கின.

அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றுக்குள் பிரிட்டிஷ் மாலுமிகள் இறங்கி, வானிலைக் குறியீட்டுப் புத்தகத்தை மீட்டார்கள். உள்ளே இருந்த அந்தோணி ஃபாசன், காலின் கிரேசியர் என்ற இருவரும் நீர்மூழ்கியோடு மூழ்கி இறந்தார்கள். அந்தப் புத்தகத்தை வைத்து டிசம்பரில் ஹட் 8 மறுபடியும் உள்ளே நுழைந்தது. எப்படி? வானிலைச் செய்தி அனுப்பும்போது மட்டும் நாலாவது சக்கரத்தைப் பழைய மூன்று சக்கர மெஷினுக்கு ஒத்துப்போகும்படி வைத்திருந்தார்கள். புதுப் பூட்டு போட்டும் பழைய கதவு ஒன்றைத் திறந்தே விட்டிருந்தார்கள்.

நடுநடுவே ஜெர்மன் கடற்படைக்குச் சந்தேகமும் வந்தது. விசாரணையும் நடந்தது. எனிக்மாவை உடைக்கவே முடியாது என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு தடவையும் வேறு காரணம்தான் தேடினார்கள்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இந்தியாவும் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. இரண்டு மாதம் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. உங்க லேப்டாப் இன்னும் அதில் ஓடினால், விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். பழைய மெஷினில் ஏறாவிட்டால், லினக்ஸ் போன்ற இலவச சிஸ்டம் போட்டுக்கொள்ளலாம். அதுவும் முடியாது என்றால் அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

கல்வராயன் மலையில் பல கிராமங்களில் சிக்னல் சரியாக எடுக்காது. அப்டேட் பாதியில் நின்றால் அப்படியே விட்டுவிடத் தோன்றும். கள்ளக்குறிச்சிக்கோ சங்கராபுரத்துக்கோ வரும்போது லேப்டாப்பையும் கையோடு எடுத்து வந்து, தெரிந்தவர் வீட்டு வைஃபையில் மாசம் ஒரு தடவை அப்டேட்டை முடித்துவிடுங்கள். ரீஸ்டார்ட் கேட்டால் அதையும் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்வரை பல அப்டேட்டுகள் முழுசாக வேலைக்கு வராது.

சைக்கிள் செயினும் வெள்ளிக் கட்டியும்

பிளெட்ச்லியில் டூரிங் ஒரு விசித்திரமான ஆள் என்று பெயர் எடுத்தவர். மகரந்த ஒவ்வாமைக்காக விஷவாயு முகமூடி போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். டீ குடிக்கும் மக்கை யாரும் எடுத்துப் போகாமல் இருக்க, ரூமில் இருந்த வெந்நீர்க் குழாயோடு சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

அவர் சைக்கிளில் செயின் அடிக்கடி கழன்று விழும். அவர் கடைக்குப் போகவில்லை, எண்ண ஆரம்பித்தார். பெடல் குறிப்பிட்ட தடவை சுற்றியதும் செயின் கழலுவதைக் கண்டுபிடித்தார். அந்த எண்ணிக்கை வருவதற்கு முன்னாடியே இறங்கி, கையால் சரிசெய்துவிட்டு மறுபடி ஏறுவார்.

ஒரு மெஷின் கெட்டுப்போகும் முன்பு ஏதாவது ஒரு ஒழுங்கில் காட்டிக்கொடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். லேப்டாப்பும் அப்படித்தான். எப்ப சூடாகுது? எந்த புரோகிராம் திறந்தா மெதுவாகுது? ஃபேன் சத்தம் என்றைக்கிலிருந்து? இதைக் கவனித்துச் சொன்னால் சர்வீஸ் கடையில் பாதி வேலை முடிந்த மாதிரி. படுக்கையில், தலையணை மேல் வைத்துப் பயன்படுத்தினால் காற்றுத் துளை அடைபட்டுச் சூடாகும். கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் நேரடியாக பிளக்கில் போடாமல், டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ், லேப்டாப்புக்கு நல்ல ஸ்பைக் பாதுகாப்புள்ள பலகை வையுங்கள். ஹார்டு டிஸ்கில் இடம் முழுசா நிரம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இவ்வளவு கெட்டிக்காரர் ஒரு விஷயத்தில் ஏமாந்தார். 1940-ல் ஜெர்மனி பிரிட்டனைப் பிடித்துவிடும் என்ற பயத்தில் தன் சேமிப்பை வெள்ளிக் கட்டியாக மாற்றி, பிளெட்ச்லி பக்கத்தில் இரண்டு இடத்தில் புதைத்தார். இடத்தைக் குறியீட்டில் எழுதியும் வைத்தார். போர் முடிந்து தேடினால் அந்த இடமே மாறியிருந்தது. மெட்டல் டிடெக்டரோடு தேடியும் கிடைக்கவில்லை. கடைசி வரை கிடைக்கவே இல்லை. உலகத்தின் ரகசியங்களைத் திறந்தவருக்குத் தன் சேமிப்பைத் திறக்க வழியில்லாமல் போனது.

திருடனிடமிருந்து காப்பாற்றினால் மட்டும் போதாது, நமக்கே கிடைக்கிற மாதிரியும் இருக்கணும். பிள்ளைகளின் சான்றிதழ், நிலப் பத்திரம், குடும்பப் போட்டோ எல்லாம் மூன்று பிரதி இருக்கட்டும். ஒன்று லேப்டாப்பில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், ஒன்று ஆன்லைனிலோ வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ. ஹார்டு டிஸ்கை எப்போதும் லேப்டாப்பில் செருகி வைக்காதீர்கள். வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். பேக்கப் எடுத்ததோடு விடாமல், அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பாருங்கள். எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரியணும்.

பேசுவது மனுஷனா, மெஷினா?

போருக்குப் பிறகு டூரிங் லண்டனில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்காக ஒரு கம்ப்யூட்டரை வடிவமைத்தார். 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே உருவான கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் கையேட்டை எழுதினார். 1951-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

1950-ல் அவர் எழுதிய கட்டுரைதான் டூரிங் சோதனை என்று பேர் வாங்கியது. முகம் தெரியாமல், எழுத்தில் மட்டும் கேள்வி கேட்டு, பதில் சொல்வது மனுஷனா மெஷினா என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த மெஷின் யோசிக்கிறது என்று ஏன் சொல்லக்கூடாது என்பது அவர் வாதம்.

வெப்சைட்டில் 'நான் ரோபோ அல்ல' என்று டிக் பண்ணச் சொல்லும் கேப்சா, இந்தச் சோதனையைத் திருப்பிப் போட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் விரிவிலேயே டூரிங் பெயர் இருக்கிறது. இப்போது மோசடிக்காரர்கள் போலி கேப்சா வைக்கிறார்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கச் சொல்லி, வரும் பெட்டியில் எதையோ பேஸ்ட் செய்து என்டர் தட்டச் சொல்வார்கள். தட்டினால் வைரஸை உங்க கையாலேயே ஏற்றிவிட்டீர்கள். உண்மையான கேப்சா எதுவும் இப்படிக் கேட்காது.

உங்க கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கு, உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க என்று திரை முழுக்க வரும் எச்சரிக்கையும் அதே ரகம்தான். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் டிஜிட்டல் கைது என்று மிரட்டினாலும் கட் பண்ணுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது.

புகார் கொடுக்கப் போனவர் குற்றவாளி ஆனார்

1952 ஜனவரியில் டூரிங் வீட்டில் திருட்டு. பெரிய பொருள் எதுவும் போகவில்லை. ஆனாலும் போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணையில், திருடனுக்குத் தகவல் தந்தவரோடு தனக்கு இருந்த ஓரினச்சேர்க்கை உறவை அவர் மறைக்காமல் சொன்னார். அன்றைய பிரிட்டனில் அது குற்றம். திருட்டு வழக்கு ஓரமாகப் போனது, பொருளைப் பறிகொடுத்தவரே கூண்டில் ஏறினார்.

சிறைக்குப் பதிலாக ஒரு வருஷம் ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஏற்றுக்கொண்டார். நாட்டின் ரகசியங்களைக் காத்தவருக்கு, ரகசிய வேலைக்கான அனுமதி பறிக்கப்பட்டது. 1954 ஜூன் 7 அன்று, 42 வயது நிரம்பும் முன்பே இறந்தார். சயனைடு விஷம் காரணம், தற்கொலை என்று விசாரணை முடிவு செய்தது. வீட்டில் ரசாயன சோதனை செய்யும் பழக்கம் இருந்ததால் அது விபத்து என்றே அவர் அம்மா கடைசி வரை நம்பினார்.

2009-ல் பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு கேட்டது. 2013 டிசம்பரில் ராணியின் மன்னிப்பு ஆணை வந்தது. இந்தியாவில் வயது வந்தோரின் சம்மதத்துடனான ஓரினச்சேர்க்கை குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புகார் கொடுத்தால் நம்ம மானம்தான் போகும் என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆன்லைன் மோசடிக்காரர்கள் பிழைப்பதே இந்தப் பயத்தில்தான். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். போட்டோவை வைத்து மிரட்டினால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்க வழி உண்டு. மிரட்டலுக்கு ஆளானவர் குற்றவாளி இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

லேப்டாப்பை விற்கும்போதும் சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். விற்பதற்கு முன் ரீசெட் செய்து முழுசா அழியுங்கள். சர்வீஸ் என்றால் பேக்கப் எடுத்துவிட்டு, தனிப்பட்ட போட்டோக்களையும் பேப்பர்களையும் நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

* மெயில் பாஸ்வேர்டை நீளமாக மாற்றி, இரண்டடுக்கு பாதுகாப்பைப் போடுங்கள்.
* அப்டேட் பார்த்து, ரீஸ்டார்ட் வரைக்கும் முடியுங்கள்.
* டிஃபென்டர் ஓடுதா என்று பாருங்கள். பயன்படுத்தாத, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத சாஃப்ட்வேரை நீக்குங்கள்.
* வெளியில் போட்ட பென் டிரைவைத் திறக்கும் முன் ஸ்கேன் செய்யுங்கள்.
* முக்கியமான ஃபைல்களைத் தனி ஹார்டு டிஸ்கில் ஏற்றி, திறந்து பார்த்து, கழற்றி வையுங்கள்.
* 1930 என்ற எண்ணை வீட்டில் எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள்.

அம்மாவுக்கும் தெரியாத ரகசியம்

மகன் இறந்த ஐந்து வருஷத்தில், 1959-ல், சாரா டூரிங் அவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். போரில் மகன் செய்த வேலை என்ன என்பதை அதில் அவரால் எழுத முடியவில்லை, அவருக்கே தெரியாது. பிளெட்ச்லியில் வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்கள் கணவன் மனைவியிடம்கூடச் சொல்லாமல் முப்பது வருஷம் வாயைக் கட்டினார்கள். 1974-க்குப் பிறகே விவரங்கள் பரவலாக வெளியே வந்தன. போத்தனூரில் பிறந்த அந்த அம்மா 1976-ல் காலமானார்.

2021 ஜூன் 23 அன்று, டூரிங்கின் பிறந்தநாளில், அவர் படம் போட்ட 50 பவுண்ட் நோட்டை பிரிட்டன் வெளியிட்டது. எனிக்மா மோசமான மெஷின் என்று இன்றைக்கும் யாரும் சொல்வதில்லை. அதைப் பயன்படுத்தியவர்கள் தினமும் ஒரே வானிலை அறிக்கையை, ஒரே வார்த்தையில், ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உங்க லேப்டாப்பும் நல்ல லேப்டாப்தான். அந்த 123-ஐ மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

(மன உளைச்சலில் இருப்பவர்கள் தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104 அல்லது தேசிய மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.)